இங்கிலீஷ் வாத்தியாருக்கு வந்த பயிற்சி

1

இன்றைக்கு இங்கே பள்ளிக்கூடம் கிடையாது. மழை பெய்யவில்லை. பனி விழ இன்னும் நாள் இருக்கிறது. எந்தச் சாமியும் புறப்படவில்லை. வாத்தியார்களுக்கெல்லாம் பயிற்சி நாளாம். கனடா பெரிய தேசம். சொல்லிக் கொடுக்கிறவர்களைக் கூட்டி உட்கார வைத்து அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கற்றுக்கொள்ள வேண்டியதுகள் வீட்டில் சோபாவில் தலைகீழாகக் கிடந்து படம் பார்க்கின்றன.

என் மருமகள் மாலதி இந்த ஸ்கார்பரோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். வேறு வேறு தேசத்திலிருந்து புதிதாக வந்து இறங்கும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருவது அவள் வேலை. காலையில் காபியை நின்றபடியே குடித்துவிட்டு, கழுத்தில் பெயர் அட்டையை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

"அத்தை, மீனுவைப் பார்த்துக்குங்க. இன்னைக்கு ஃபுல் டே ட்ரெயினிங்."

"இத்தினி வருஷமா சொல்லிக் குடுக்கிற. இன்னமுமா உனுக்குத் தெரியல?"

"புதுசு புதுசா ஏதாவது வரும் அத்தை."

"வரும், வரும்" என்றேன். எனக்குத் தெரியாதா?

காஞ்சிபுரத்தில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இதை நானே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். எழுத்துக்கூட்டி, நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். எனக்கு யாரும் பயிற்சி தரவில்லை.

2

என் வீட்டுக்காரர் பெயரை வாயால் சொன்னதில்லை, கையாலும் எழுத வரவில்லை. ஊரே வாத்தியார் என்றுதான் சொல்லும், நானும் அப்படியே எழுதுகிறேன். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அவர் இங்கிலீஷ் வாத்தியார். அறுபதுகளில் அது சாதாரண விஷயமில்லை. தெருவுக்குத் தந்தி வந்தால் பிரித்த கையோடு எங்கள் வீட்டுக்குத்தான் ஓடி வருவார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்துச் சொல்கிற வரைக்கும் யாரும் அழக்கூட மாட்டார்கள். குழாயடியில் என் குடத்துக்கு வரிசை கிடையாது. "இங்கிலீஷ் வாத்தியார் சம்சாரம், வுடுங்கடி" என்பார்கள். நானும் வேண்டாமென்று சொன்னதில்லை.

அவர் சொல்லிக் கொடுத்த முறை எளிது. புத்தகத்தில் ஒரு வரி இங்கிலீஷ் படிப்பார், அதற்குத் தமிழில் அர்த்தம் சொல்வார், இலக்கணத்தைப் பிரித்துப் போடுவார், தூங்குகிறவன் மேல் சாக்பீஸ் எறிவார். பையன்கள் பரீட்சையில் தேறினார்கள். எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

அந்த நிம்மதி மேலிடத்தில் யாருக்கோ பொறுக்கவில்லை. இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் புதுமுறை வந்திருக்கிறது, கோடை விடுமுறையில் வாத்தியார்கள் எல்லோரும் செங்கல்பட்டுக்கு வந்து பயிற்சி எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பயிற்சி முடிந்து பள்ளி திறந்ததும் இன்ஸ்பெக்டர் நேரில் வந்து ஒரு மாதிரி வகுப்பு பார்ப்பார். அவருக்குத் திருப்தியானால் இங்கிலீஷ் பாடம் கையில் இருக்கும். இல்லாவிட்டால் அதைப் புதிதாகப் பயிற்சி முடித்து வந்த இளவட்டம் யாருக்காவது கொடுத்துவிட்டு, இவரை மூன்றாம் வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாம் வகுப்பு! தந்தி படிக்கிற மனுஷர், வாய்ப்பாடு கத்தச் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். அன்று ராத்திரி அவர் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனார். குடத்தோடு வரிசையில் நிற்கிற என்னை நானே பார்த்துவிட்டேன்.

3

யாரோ ஒரு வெள்ளைக்காரர் சென்னையில் சில பேருக்குச் சொல்லிக் கொடுத்தாராம். அவர்கள் வேறு சிலருக்குச் சொன்னார்கள். அந்தச் சிலர் செங்கல்பட்டுக்கு வந்து இவர்களுக்குச் சொன்னார்கள். காய்ச்சின பாலில் ஆள் மாற்றி ஆள் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினது போல. கடைசிச் செம்பை எங்கள் வாத்தியார் வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

புதுமுறையில் விதி இரண்டுதான். வகுப்பில் ஒரு வார்த்தை தமிழ் பேசக் கூடாது. எதைச் சொன்னாலும் அந்தப் பொருளைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டும், அந்தக் காரியத்தைச் செய்துகொண்டே சொல்ல வேண்டும். எந்த வாக்கியத்தை எந்த வருஷம் சொல்லலாம் என்பதற்கு வரிசை வேறு உண்டு. வரிசை தாண்டினால் குற்றம்.

பழக வேண்டுமே, யாரிடம் பழகுவார்? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கவில்லை. வீட்டில் நானும் எங்கள் மகன், நாலு வயது சேகரும் இருந்தோம். விளக்கு வைத்த பிறகு வீட்டில் தமிழ் கிடையாது என்று சட்டம் போட்டார்.

"வாட் இஸ் திஸ்?"

"அது கரண்டி. குடுங்க, குழம்பு அடிப்பிடிக்குது."

"தமிழ்ல சொல்லாத! திஸ் இஸ் எ லேடில். சொல்லு."

"திஸ் இஸ் எ லேடில். இப்பவாவது குடுங்க."

அதோடு விட்டாரா? "ஐ ஆம் வாக்கிங் டு த டோர்" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு நடப்பார். "ஐ ஆம் ஓப்பனிங் த டோர்" என்று திறந்த கதவைச் சாத்தி மறுபடி திறப்பார். பின்னாலேயே சேகர் அதே மாதிரி கையை ஆட்டிக்கொண்டு, அதே மாதிரி சொல்லிக்கொண்டு நடப்பான். எதிர்வீட்டு முனியம்மா இரண்டு நாள் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தனம், வாத்தியாருக்கு இன்னா ஆச்சு? தானா பேசிக்கினு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துக்கினு இருக்கிறாரு. புள்ளைக்கும் ஒட்டிக்கிச்சு போலருக்குது. தர்காவுல தண்ணி மந்திரிச்சுக் குடுக்கிறாங்க, இட்டுக்கினு போறியா?"

"அது கவர்மெண்ட் வியாதிக்கா. மந்திரிச்சா போவாது" என்றேன்.

4

இதை எழுதும்போது மீனு வந்து எட்டிப் பார்த்தாள். என் பேத்தி, ஒன்பது வயது. தமிழ் எழுத்தைப் பார்த்தால் அவளுக்குச் சுருட்டி வைத்த நூல் மாதிரி இருக்கிறதாம். அதையும் இங்கிலீஷில்தான் சொன்னாள். நான் பேசுவதில் பாதி அவளுக்குப் புரியும், மீதிக்குத் தோளைக் குலுக்குவாள். சேகர் அவளிடம் தமிழில் பேசி நான் கேட்டதில்லை. ஏன்டா என்றால் "பழக்கம்மா" என்பான்.

பாட்டிக்கு எங்கள் ஊரில் சொல்கிற மாதிரி என்னை ஆயா என்று கூப்பிடுகிறாள், அதுவரைக்கும் மிச்சம். அதிலும் ஒரு கூத்து. போன வருஷம் அவள் பள்ளியில் ஒரு திருநெல்வேலிக்காரப் பெண்மணி, "ஆயா எப்படி, நல்லா சமைக்கிறாங்களா?" என்று மாலதியிடம் கேட்டிருக்கிறாள். சம்பளத்துக்கு வைத்திருக்கிற ஆள் என்று நினைப்பு. மீனுவை அழைத்து வரப் போனால் வாசலில் என் படம் போட்ட அட்டை கேட்கிறார்கள், கையெழுத்துக் கேட்கிறார்கள், நீ இவளுக்கு யார் என்று கேட்கிறார்கள். இத்தனை கேட்கிறவர்கள் வாத்தியார்களைப் பயிற்சிக்கு அனுப்பும்போது மட்டும் பிள்ளையை யாரிடம் விடுவாய் என்று கேட்பதில்லை.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன்.

5

பள்ளி திறந்தது. மாதிரி வகுப்புக்கான தேதியைப் பள்ளிக்கூடமே குறிக்கலாம் என்றார்கள். தலைமை ஆசிரியர் அமாவாசையைக் குறித்தார். அதில் சூட்சுமம் உண்டு. மற்ற நாளில் எங்கள் பகுதிப் பிள்ளைகளில் பாதி தறியில் கூடமாட உட்கார்ந்திருக்கும், வகுப்பில் இராது. அமாவாசையன்று பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடாது. பெஞ்சு நிறைந்திருக்கும், இன்ஸ்பெக்டர் மகிழ்ந்து போவார் என்று கணக்கு.

தறி ஓடாவிட்டால் பெரியவர்களுக்கும் வேலை இராது என்பதைத் தலைமை ஆசிரியர் யோசிக்கவில்லை. வாத்தியாரையே பரீட்சை வைத்துப் பார்க்க ஆள் வருகிறது என்று தெரு முழுக்கச் சேதி போய்விட்டது. ஜன்னலுக்கு ஜன்னல் கும்பல். நானும் முனியம்மாவும் முன்னாலேயே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டோம்.

பாடம் நிறங்கள். மிளகாயைக் காட்டினார். "வாட் கலர் இஸ் இட்?" பிள்ளைகள் "இட் இஸ் ரெட்" என்று ஒரே குரலில் கத்தின. மஞ்சளைக் காட்டினார். "இட் இஸ் எல்லோ." மூன்றாவது தடவை ஜன்னலில் இருந்தவர்களும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் சின்ன உருவம், பெரிய மூக்குக்கண்ணாடி. அவர் தலை ஆடியது. எனக்கு உயிர் வந்தது.

கடைசியாக என் கல்யாணப் புடவை. பொருளைக் காட்டு என்றால் நல்ல பொருளாகக் காட்டட்டுமே என்று பெட்டியிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன். மயில்கழுத்து நிறம். நீளவாக்கில் ஓடுகிற பாவு நீலம், குறுக்கே போகிற ஊடை பச்சை. எங்கள் அப்பா தன் கையால் நெய்தது. இரண்டு பெண்கள் விரித்துப் பிடித்தார்கள். ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் விழுந்தது.

"வாட் கலர் இஸ் இட்?"

இடது பக்கப் பெஞ்சுகள், "இட் இஸ் கிரீன்!"

வலது பக்கப் பெஞ்சுகள், "இட் இஸ் ப்ளூ!"

வாத்தியார் திகைத்தார். புதுமுறைப்படி வாத்தியார் சரியானதைச் சொல்ல வேண்டும், வகுப்பு மூன்று முறை திருப்பிச் சொல்ல வேண்டும். "லிசன். இட் இஸ் ப்ளூ" என்றார். வலது பக்கம் சொன்னது. இடது பக்கம் வாயை மூடிக்கொண்டது. சாயப்பட்டறை வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள்.

"சார், பச்சையா தெரியிறதை எப்படி சார் நீலம்னு சொல்றது?"

தமிழ்! இன்ஸ்பெக்டரின் பேனா அசைந்தது. ஜன்னல்காரர்கள் சும்மா இருப்பார்களா?

"பச்சைதான்பா அது."

"உனுக்குக் கண்ணு அவிஞ்சி போச்சா? நல்லா நீலமா இருக்குது."

"டேய், பாவு நீலம்டா, ஊடைதான் பச்சை. நெய்யிறவன்தான நீயி?"

இன்ஸ்பெக்டர் மேசையைத் தட்டினார். வாத்தியார் முகத்தில் வேர்வை ஓடியது. பச்சை என்றால் பாதி வகுப்பு தப்பு, நீலம் என்றால் மீதி தப்பு, விளக்கலாம் என்றால் தமிழ் கூடாது. மூன்றாம் வகுப்பு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவருக்காக நின்றது.

அப்போது என்ன நினைத்தாரோ, "ஸ்டாண்ட் அப்" என்றார். எல்லாம் எழுந்தன. கையைக் காட்டி, "வாக்" என்றார். இடது பக்கத்தை வலது பக்கமும், வலதை இடதுமாகப் போகச் சொன்னார். "சிட் டவுன். வாட் கலர் இஸ் இட்?"

எல்லாம் புடவையை உற்றுப் பார்த்தன. பிறகு சிரிப்பு. பிள்ளைகள் தலையை இப்படிச் சாய்க்கின்றன, அப்படிச் சாய்க்கின்றன. சாயப்பட்டறைப் பெண் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டாள்.

"சார்! இட் வாஸ் கிரீன்! நவ் இட் இஸ் ப்ளூ சார்!"

யாரும் சொல்லிக் கொடுத்துத் திருப்பிச் சொன்ன வாக்கியம் இல்லை அது. அவளே சொன்னாள். ஜன்னலில் கைதட்டல். வாத்தியார் நிமிர்ந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "வாஸ் எப்படி வந்தது? அது அடுத்த வருஷப் பாடம் ஆயிற்றே?"

"போன வருஷம் பழைய முறையில நடத்தினேன் சார். அதுல கத்துக்கிட்டிருக்கு."

"வரிசை தாண்டியிருக்கிறது" என்று இன்ஸ்பெக்டர் இன்னொரு வரி எழுதினார்.

குழந்தைக்கு முந்தி நடக்க வந்துவிட்டால் உட்கார வைத்துத் தவழச் சொல்வார்கள் போலிருக்கிறது.

6

காஞ்சிபுரத்துக்கு எந்த வேலையாக வந்த அதிகாரியும் புடவை எடுக்காமல் பஸ் ஏறினதில்லை. கோயிலைப் பார்க்க மறந்தாலும் மறப்பார்கள். சாயங்காலம் தலைமை ஆசிரியர் ஆள் அனுப்பினார். இன்ஸ்பெக்டர் வீட்டு அம்மாவுக்குப் பட்டு வேண்டுமாம், காலையில் பார்த்த அதே மாதிரி வேண்டுமாம்.

என் தம்பி கண்ணப்பன் சொந்தமாகப் பாவு போட்டு நெய்துகொண்டிருந்தான். நானும் வாத்தியாரும் இன்ஸ்பெக்டரை அவன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனோம். வழியில் வாத்தியார் என் காதோடு சொன்னார்.

"அங்க வந்து எதுவும் பேசாத. கை கூப்பிக்கினு நில்லு, போதும்."

கண்ணப்பன் புடவையை விரித்தான். இன்ஸ்பெக்டர் உள்ளே வைத்துப் பார்த்தார், வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தார், மறுபடியும் உள்ளே வந்தார்.

"நீலம்தான் வாங்கிட்டு வரணும்னு வீட்ல சொல்லியிருக்காங்க. இது நீலமா, பச்சையாப்பா?"

"ரெண்டும்தான் சார். நீங்க நிக்கிற எடத்தைப் பொறுத்து."

"அப்படிச் சொன்னா எப்படி? ஏதாவது ஒண்ணு சொல்லு."

"எங்க மாமா காலைல ஒண்ணு சொன்னாராம், புள்ளைங்க ஒத்துக்கலையாம். நான் எப்படி சார் சொல்றது?"

வாத்தியார் கண்ணப்பனை முறைத்தார். என்னால் முடிந்தவரை பொறுத்தேன்.

"நீங்களே ஒண்ணு சொல்லிடுங்க சார்" என்றேன். "உங்க வூட்டம்மாகிட்டயும் அதையே சொல்லிக்கலாம், எங்க வூட்டுக்காரரைப் பத்தியும் அதையே எழுதிக்கலாம்."

இன்ஸ்பெக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "கட்டிக் கொடுங்க" என்றார். விலை கொடுத்துத்தான் வாங்கினார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் பஸ் ஏறியதும் வாத்தியார் என் மேல் பாய்ந்தார்.

"உன் வாயை வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா? இருந்த கொஞ்சநஞ்சமும் போச்சு!"

"போனா மூணாம் வகுப்புதான? நான் படிச்ச வகுப்பு. ஒண்ணும் குறைஞ்சிட மாட்டீங்க" என்று சொன்னேன். சொன்னேனே தவிர, அறிக்கை வருகிற வரைக்கும் குழாயடிக்கு நான் போகவில்லை. முனியம்மாவை அனுப்பினேன்.

7

அறிக்கை வந்தது. தலைமை ஆசிரியர் அதைப் படித்து வாத்தியாரிடம் சொன்னார், அவர் வீட்டுக்கு வந்து என்னிடம் தமிழிலேயே சொன்னார். வகுப்பு உயிரோட்டமாக இருந்தது, இங்கிலீஷ் பாடம் இவரிடமே இருக்கலாம். ஆனாலும் வரிசை தாண்டுகிறார், வகுப்பில் தமிழ் கேட்டது, எனவே அடுத்த கோடையில் மறுபடியும் பயிற்சிக்கு வர வேண்டும்.

என் பேச்சால் கெட்டதா, பிழைத்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிழைத்தது என்றுதான் நான் சொல்லிக்கொள்கிறேன்.

வாத்தியார் பயிற்சிக்குப் போனார். அதற்கடுத்த கோடையும் போனார். எழுபதுகளில் இன்னொரு புதுமுறை வந்தது, முந்தின முறையைச் செய்யாதே என்றது. அதற்கும் போனார். கடைசி வரைக்கும் இங்கிலீஷ் வாத்தியாராகவே இருந்து ஓய்வு பெற்றார், இங்கிலீஷ் வாத்தியாராகவே போய்ச் சேர்ந்தார். ஒவ்வொரு புதுமுறையும் போய் அடுத்தது வந்தது. விளக்கு வைத்தால் வீட்டில் தமிழ் கூடாது என்ற சட்டத்தை மட்டும் மேலிடத்திலிருந்து யாரும் வந்து ரத்து செய்யவில்லை. சேகர் அதிலேயே வளர்ந்தான், அதிலேயே படித்தான், அதைக் கொண்டே பறந்து இங்கே வந்தான். காப்பாற்ற வேண்டும் என்று நாங்கள் தவித்த இங்கிலீஷ் நன்றாகவே பிழைத்துக்கொண்டது. இந்த வீட்டில் எல்லோருக்கும் அது இருக்கிறது, என்னைத் தவிர.

8

இப்போதுதான் மாலதி வந்தாள். காலணியைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"அத்தை, இன்னைக்கு ட்ரெயினிங் சூப்பர்! பிள்ளைங்க வீட்டுல தாய்மொழிதான் பேசணுமாம். அப்பதான் இங்கிலீஷே நல்லா வருமாம். வீட்டுப் பெரியவங்களை விடாம பேசச் சொல்லுங்கன்னு சொன்னாங்க. நீங்க மீனுகிட்ட இனிமே தமிழ்லயே பேசுங்க. அவ இங்கிலீஷ்ல பதில் சொன்னாலும் விடாதீங்க."

நான் அவளையே பார்த்தேன். பாவம், நல்ல பெண். சொல்லும்போது முகமெல்லாம் வெளிச்சம்.

"சரிம்மா. இது எது வரைக்கும்?"

"எது வரைக்கும்னா?"

"அடுத்த பயிற்சி எப்போ?"

பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். "நவம்பர்ல அத்தை."

நாளைக் கணக்குப் பார்த்தேன். அதிகமில்லை. டிவியை அணைத்துவிட்டு, "மீனு, இங்க வா, ஆயா பக்கத்துல உக்காரு" என்றேன்.